தேரை மேட்டு இறக்கம்

தேரை மேட்டிலிருந்து இறங்கும்போதுதான் பிரேக் ராடு முறிந்தது. ரிகோ வலது காலால் மிதித்தான். மிதி சேற்றில் இறங்குவதுபோல் உள்ளே போயிற்று, திரும்பி மேலே வரவில்லை. இன்னொரு தடவை மிதித்துப் பார்த்தான். வண்டிக்கு அடியில் எங்கோ இரும்பு ரோட்டில் உரசிக் கிணுகிணுவென்று சத்தம் கேட்டது. அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது.

முன் பிரேக் செத்துப் பல வருஷம். வண்டியோ பழைய ரஷ்ய மோட்டார் சைக்கிள், எருமைக் கனம். வலப்பக்கம் பூட்டியிருந்த பெட்டியில் மெல்பா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கண்மூடி உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு திரும்பும் நாட்களில் அவள் அப்படித்தான் வருவாள். கீழே பாலம் தெரிந்தது. பாலத்தின் மேல் மாட்டுவண்டி ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு ஊர்ந்தது.

ரிகோ கியரைக் குறைத்தான். என்ஜின் கத்தியது. போதவில்லை. பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் இடப்பக்கம் ஒரு கரும்புக் காடு இருந்தது. கரும்பு போய் மராபு முள் மண்டிக் கிடந்த காடு. ஹாண்டிலை அந்தப் பக்கமாக ஒடித்தான். முட்செடிகள் சடசடவென்று முறிந்து வண்டியை வாங்கிக்கொண்டன. எல்லாம் அடங்கியதும் மெல்பா கண்ணைத் திறந்தாள்.

"வீடு வந்துட்டுதா?"

"இன்னும் இல்ல."

அவள் சுற்றிப் பார்த்தாள். ரிகோவின் நெற்றியிலும் கையிலும் முள் கிழித்து ரத்தம் வடிந்தது.

"ஏ கிழவா, எனக்கு இருக்கிற ரத்தத்தைச் சுத்தம் பண்ணவே நாதியில்ல. நீ உன்னோடத வேற ரோட்ல ஊத்துறியா?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. மாட்டுவண்டிக்காரன்தான் மாட்டை அவிழ்த்து வந்து வண்டியை முள்ளுக்குள்ளிருந்து இழுத்து ஊர்வரை கொண்டுபோய் விட்டான்.

தோஸ் பால்மாஸ் என்பது சர்க்கரை ஆலைக்காக உண்டான ஊர். ஆலை மூடியபின் ஊர் மட்டும் மிஞ்சியது. ரிகோ அந்த ஆலையில் ஃபிட்டராக இருந்தவன். வண்டி ஆலை மேஸ்திரியிடம் இருந்தது. அந்த ஆள் மயாமிக்குப் போகும்போது இவன் தலையில் கட்டிவிட்டுப் போனார். மெல்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யாமல் போனபோது முதலில் அரசாங்க டாக்சி வந்து கூட்டிப்போயிற்று. ஒரு நாள் விட்டு ஒரு நாள், விடியலில் வாசலில் ஹாரன் கேட்கும். பெட்ரோல் தட்டுப்பாடு வந்ததும் டாக்சி வாரத்தில் ஒரு தடவையாகச் சுருங்கி, அப்புறம் வராமலே போயிற்று. அதிலிருந்து இந்த வண்டிதான்.

மறுநாள் காலையில் அவன் முற்றத்து மாமரத்தடியில் வண்டியை நிறுத்தி, வண்டிக்கும் பெட்டிக்கும் இடையில் உள்ள சந்தில் மல்லாந்து படுத்துக் கையை நுழைத்தான். பிரேக் ராடு அந்த வலப்பக்கத்துச் சந்தில்தான் மிதியிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகிறது. முழங்கை மடங்குவதற்கு இடமில்லை. முன் நுனியில் இருந்த பின்னைக் கழற்றி ராடை வெளியே எடுத்தான். பின் நுனியில், நட்டு ஏறும் மரை தொடங்கும் இடத்தில், துருப்பிடித்து அரித்துப்போய் முறிந்திருந்தது. நடுவில் ஊசிமுனையளவுதான் புது இரும்பு மினுங்கியது. இத்தனை நாளும் அந்த அளவு இரும்புதான் அவர்கள் இரண்டு பேரையும் தாங்கியிருக்கிறது.

மெல்பாவின் தம்பி ஆர்செனியோ வந்தான். ஆலையில் வெல்டராக இருந்தவன். வாய் ஓயாதவன்.

"என்ன மச்சான், முள்ளுக்குள்ள புகுந்தியாமே. ஊரே சொல்லுது, ரிகோ எங்க அக்காவைத் தள்ளிவிட்டுட்டு வேற பொண்டாட்டி தேடப் போறான்னு."

"உங்க அக்காவைத் தள்ளிவிட முடியுமாடா? பெட்டியை விட்டு இறங்கமாட்டா."

"அதுவும் சரிதான்." ஆர்செனியோ ராடை வாங்கிப் பார்த்தான். சிரிப்பு அடங்கியது. "இந்த மரைத் துண்டை எடுத்துட்டு ஒரு போல்ட்டை ஒட்டவைக்கலாம். கரண்டு வரணுமே."

"எப்ப வரும்?"

"என்னைக் கேக்குறியே. நான் என்ன மந்திரியா?"

மெல்பா வாசலில் சாய்ந்தாடும் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் காப்பி கொடுத்தாள். பாதி காப்பி, பாதி வறுத்த பட்டாணி. ஆர்செனியோ ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"அக்கா, இதுல காப்பி எங்க இருக்கு?"

"தேடு. அடியில கிடக்கும்."

கரண்டு அன்று வரவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நாள். ரிகோ விடியுமுன்பே மெல்பாவைக் கைத்தாங்கலாக நடத்திப்போய்ப் பெரிய ரோட்டோரம் உட்காரவைத்தான். ஒரு குதிரைவண்டி போயிற்று, பக்கத்து ஊர்வரைதான் என்றான் வண்டிக்காரன். ஒரு டிராக்டர் எதிர்த்திசையில் போயிற்று. வெயில் ஏறியதும் திரும்பி வந்தார்கள்.

வீட்டுக்குள் நுழையும்போது மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ரிகோ அப்படியே ஆர்செனியோ வீட்டுக்கு ஓடினான். அவன் ஏற்கனவே வெல்டிங் பெட்டியை வெளியே இழுத்துப் போட்டிருந்தான். அவனே செம்புக்கம்பி சுற்றிச் செய்த பெட்டி. தெருவில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றினார்கள், சோறு வைத்தார்கள், ரேடியோ அலறியது. ராடையும் போல்ட்டையும் நுனியோடு நுனி சேர்த்துப் பிடித்தான் ரிகோ. ஆர்செனியோ பொறி பறக்க ஒரு பக்கம் ஒட்டினான். இரும்பைத் திருப்பச் சொன்னான். திருப்பினான். பொறி ஒரு தடவை மினுங்கிவிட்டுச் செத்தது. தெரு முழுக்க ரேடியோக்கள் ஒரே மூச்சில் வாயை மூடின.

ஆர்செனியோ முகமூடியைத் தூக்கிவிட்டு ஒரு நல்ல கெட்டவார்த்தை சொன்னான்.

"இது தாங்குமா?" என்றான் ரிகோ.

"ஒரு பக்கம் ஒட்டியிருக்கு. சாமியை நம்புறவனா இருந்தா மாட்டிப் பாரு."

மாட்டிப் பார்த்தார்கள். முற்றத்தில் ஆர்செனியோ வண்டியைத் தள்ள, ரிகோ மிதித்தான். முதல் மிதிக்குச் சக்கரம் நின்றது. இரண்டாவது மிதிக்கு டப்பென்று ஒட்டு விட்டுப்போயிற்று. மேட்டில் விடாமல் முற்றத்தில் விட்டதற்கு நன்றி சொல்லவேண்டும் என்றான் ஆர்செனியோ. யாருக்கு என்று ரிகோ கேட்கவில்லை.

மறுநாள் வேறு கம்பி தேடி ஆலைக்குப் போனார்கள். அங்கே புகைபோக்கியையும் சில தூண்களையும் தவிர எலும்புக்கூடுகூட மிச்சமில்லை. உருளைகளைப் பழைய இரும்புக்கு ஏற்றிப்போய்விட்டார்கள். கூரைத் தகரம், ஜன்னல் கம்பி, தண்டவாளம் எல்லாம் ஊருக்குள் யார் யார் வீட்டிலோ வேலியாகவும் கோழிக்கூண்டாகவும் இருந்தன. ஒரு தூணிலிருந்து முறுக்குக் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. அறுத்தெடுத்துக் கொண்டுவந்து, மேலே உள்ள முறுக்கை அரத்தால் ராவினான் ரிகோ. ராவ ராவ உள்ளே துரு குழி குழியாகப் போயிருப்பது தெரிந்தது. மரை வெட்ட டையைப் போட்டதும் மரை பொடிப்பொடியாக உதிர்ந்தது. அரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தான்.

மெல்பாவின் பாதம் வீங்கத் தொடங்கியிருந்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. படுத்தால் மூச்சு முட்டியது. நாற்காலியிலேயே சாய்ந்து தூங்கினாள். அன்று மத்தியானம் உப்பில்லாமல் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கைப் பிசைந்துகொண்டிருந்தவள், நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

"தையல் மெஷினுக்கு அடியில ஒரு கம்பி இருக்கே."

ரிகோ நிமிர்ந்தான். "எந்தக் கம்பி?"

"மிதியிலிருந்து சக்கரத்துக்குப் போறது. உருக்குக் கம்பி. எங்க அம்மா காலத்துலேருந்து எண்ணெய் போட்டுப் போட்டு ஒரு பொட்டுத் துரு கிடையாது. அளவும் கிட்டத்தட்ட சரியா இருக்கும். நேத்தே பார்த்தேன்."

கூட உட்கார்ந்து தின்றுகொண்டிருந்த ஆர்செனியோ கையை நிறுத்தினான். தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதை எடுத்துட்டா நீ எப்படித் தைப்ப?" என்றான் ரிகோ.

"நான் கடைசியா எப்ப தச்சேன், சொல்லு பார்ப்போம்."

"அந்தத் தெருக்கோடிப் பொண்ணோட பதினஞ்சாவது பிறந்தநாள் கவுனு? பாதியில கிடக்குதே."

"தையல்காரி இதானியாகிட்ட குடுத்துட்டேன். மிச்சத்தைக் கையால தச்சுக்குவா."

"எப்ப குடுத்த?"

"குடுத்தேன் ஒரு நாள். நீ முள்ளுல கிழிச்சுக்கிட்டு வந்ததுக்கு முந்தி."

இந்த வீட்டில் கரண்டு போனாலும் போகாத ஒரே வருமானம் அந்த மெஷின்தான். எந்த இருட்டிலும் அது ஓடும். மகன் சிலி நாட்டுக்குப் போனபோது வழிச்செலவில் பாதியை அந்த மெஷின் சம்பாதித்துக் கொடுத்தது. அவள் ஒரு துணியைப் பாதியில் இன்னொருத்தியிடம் கொடுத்து அவன் பார்த்ததே இல்லை. ஏன் கொடுத்தாய் என்று கேட்க வாய்வரை வந்தது.

"வேற கம்பி கிடைச்சதும் மெஷினுக்கு ஒண்ணு செஞ்சு மாட்டித் தர்றேன்," என்றான்.

"செய். இப்ப முதல்ல இதை எடு. எனக்குக் குனிய முடியாது."

அவன் மெஷினுக்கு அடியில் படுத்துக் கம்பியைக் கழற்றினான். கழன்றதும் மிதிப்பலகை தொப்பென்று கீழே சாய்ந்தது.

சாயங்காலம் வரைக்கும் வேலை நடந்தது. கரியடுப்பில் ஆர்செனியோ அட்டையால் விசிற, கம்பியின் முன் நுனியைப் பழுக்கக் காய்ச்சித் தட்டையாக அடித்தான் ரிகோ. ஆறவிட்டுக் கைத்துளைப்பானால் பின்னைச் செருகுகிற துளை போட்டான். பெட்டியைத் தாங்கும் குழாய்மேல் இடிக்காமல் இருக்க நடுவில் ஒரு சின்ன வளைவு வேண்டும். பழைய ராடைப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்து, மறுபடியும் காய்ச்சி வளைத்தான். பின் நுனியில் மரை வெட்டவேண்டும். எண்ணெய் இல்லாமல் வெட்டினால் மரை கிழியும்.

"எண்ணெய்க்கு எங்க போறது?" என்றான் ஆர்செனியோ.

மெல்பா ஒரு கரண்டியில் பன்றிக்கொழுப்பு கொண்டுவந்தாள்.

"அக்கா, இது தின்கிற கொழுப்பு. அழுதுடுவேன்."

"அழு. அழுதுகிட்டே விசிறு."

கொழுப்பு சூடு பொறுக்காமல் புகைந்து மணத்தது. அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்று டையைத் திருப்பினான் ரிகோ. சுருள் சுருளாக இரும்பு உதிர்ந்தது. உருக்கு நல்ல உருக்கு. மரை கண்ணாடி மாதிரி விழுந்தது. அவன் விரலால் தடவிப் பார்த்தான். இத்தனை நாளில் அவன் கைக்குக் கிடைத்த ஒரே நல்ல இரும்பு அதுதான்.

சந்தில் மல்லாந்து படுத்து முன் நுனியை மிதியில் கோத்துப் பின்னைப் போட்டுப் பூட்டினான். பின்பக்கம் பிரேக் நெம்புகோலில் ராடைக் கோத்து, ஸ்பிரிங்கைப் போட்டு, சிறகு வைத்த நட்டை விரலாலேயே இறுக்கினான். ரிகோ சீட்டில் ஏறிக்கொள்ள, ஆர்செனியோ பின்னாலிருந்து தள்ளினான். மிதித்ததும் சக்கரம் மண்ணைக் கீறிக்கொண்டு நின்றது. ஆர்செனியோவின் மோவாய் சீட்டில் இடித்தது.

"கழுதை மாதிரி நிக்குதே! மச்சான், இப்ப நீ மேட்டிலேருந்து கண்ணை மூடிக்கிட்டு இறங்கலாம்!"

மெல்பா வாசலிலிருந்து சிரித்தாள். வாயைத் திறந்து, சத்தமாக. ரிகோ சீட்டில் உட்கார்ந்தபடியே அதைக் கேட்டான். உடனே இறங்க மனம் வரவில்லை.

போய்வர மட்டும் போதுமான பெட்ரோலை ஆர்செனியோ எங்கிருந்தோ ஒரு ரம் பாட்டிலில் கொண்டுவந்தான். எங்கே என்று கேட்காதே என்றான். விடிந்தும் விடியாமலும் கிளம்பினார்கள். மேட்டில் ஏறி, பட்டணத்துப் பக்கம் இறங்கும்போது ரிகோ மெதுவாக மிதித்தான். பிடித்தது. இன்னும் கொஞ்சம் மிதித்தான். இன்னும் பிடித்தது. சரிவு முழுக்க வண்டி அவன் சொன்னபடி கேட்டது. பெட்டிக்குள் மெல்பா அவன் முழங்காலைத் தட்டிக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். வழக்கமாக இந்நேரம் உள்ளே இருக்கவேண்டியவர்கள். ஒரு கிழவர் தலையணை வைத்துத் தரையில் படுத்திருந்தார். மெஷின் அறையில் விளக்கு எரிந்தது. ஆனால் கதவு சாத்தியிருந்தது. நர்ஸ் யொர்தான்கா வெளியே வந்தாள். மெல்பாவைக் கண்டதும் அவள் முகம் மாறியது.

"மெல்பா அக்கா, முந்தின தடவை ஏன் வரல?"

"வண்டி படுத்துட்டுது. இப்ப சரியாயிடுச்சு. இவன் ராடு செஞ்சான். கேளு, என் தையல் மெஷினைப் பிரிச்சுச் செஞ்சான்."

யொர்தான்கா சிரிக்க முயன்றாள். "அக்கா, தண்ணி சுத்தம் பண்ற மோட்டார் எரிஞ்சுபோச்சு. கரண்டு போய்ப் போய் வந்ததுல. தண்ணி இல்லாம மெஷின் ஓடாது."

"எப்ப சரியாகும்?" என்றான் ரிகோ.

"தலைநகர்லேருந்து வேற மோட்டார் வரணும்னு சொல்றாங்க."

"எப்ப வரும்?"

"அண்ணே, தெரிஞ்சா சொல்லமாட்டேனா?"

"மோட்டாரைக் காட்டு. நான் ஃபிட்டர். நான் பார்க்கிறேன்."

அவள் அவனைக் கூட்டிக்கொண்டு போனாள். பின்கட்டில் மூன்று பேர் ஏற்கனவே மோட்டாரைப் பிரித்துப் போட்டு அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே கம்பிச்சுருள் கருகிக் கரிக்கட்டையாக இருந்தது. ரிகோ குனிந்து பார்த்தான். அந்தக் கம்பி தையல் மெஷினுக்கு அடியில் கிடைக்காது. அந்த மூன்று பேரில் ஒருவன் அவனைப் பார்த்துத் தோளைக் குலுக்கினான். ரிகோவும் தோளைக் குலுக்கிவிட்டுத் திரும்பினான்.

யொர்தான்கா மெல்பாவின் காலை அழுத்திப் பார்த்தாள், முதுகில் காது வைத்துக் கேட்டாள். ரிகோவை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"நெஞ்சுல தண்ணி சேர ஆரம்பிச்சிருக்கு. பக்கத்து மாகாணத்துல மெஷின் ஓடுது, அங்க கூட்டிட்டுப் போக முடியுமா?"

"ஊருக்குத் திரும்பத்தான் பெட்ரோல் இருக்கு."

"ஆம்புலன்சுக்கு எழுதிவச்சிருக்கேன். முன்னால நிறைய பேர் இருக்காங்க." அவள் அவன் கண்ணைப் பார்க்கவில்லை. "தண்ணி குடுக்காதீங்க. வாயை நனைக்க மட்டும். பழம், உப்பு, எதுவும் வேணாம்."

மத்தியானம் வரைக்கும் காத்திருந்தார்கள். ஆம்புலன்ஸ் ஒரு தடவை வந்து, தரையில் படுத்திருந்த கிழவரையும் இன்னொரு பெண்ணையும் ஏற்றிக்கொண்டு போயிற்று. அது திரும்பி வரவில்லை. டீசல் தீர்ந்துவிட்டதாக யாரோ வந்து சொன்னார்கள். மெல்பா எழுந்தாள்.

"கிளம்பு."

"இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம்."

"இந்தப் பெஞ்சுல செத்தா என்னை யாரு வீட்டுக்குத் தூக்கிட்டு வருவா? கிளம்புன்னா கிளம்பு."

வெயில் தார்ரோட்டை இளக்கியது. ரிகோ மெதுவாக ஓட்டினான். மேட்டு உச்சியில், ரோடு இரண்டாகப் பிரிகிற இடத்தில், ஒருவன் தென்னோலைப் பந்தலுக்குக் கீழே கைமெஷின் வைத்துக் கரும்புச்சாறு பிழிந்துகொண்டிருந்தான். மெல்பா பெட்டியின் விளிம்பைத் தட்டினாள்.

"நிறுத்து."

"என்ன, மயக்கமா வருதா?"

"கரும்புச்சாறு குடிக்கணும்."

ரிகோ வண்டியை நிறுத்தினான். இறங்கவில்லை.

சிறுநீரகம் கெட்ட இத்தனை வருஷத்தில் அவள் ஒரு முழு கிளாஸ் எதையும் குடித்ததில்லை. உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாத உடம்பு. காலையில் ஒரு சின்னக் கப்பில் அளந்து ஊற்றி வைப்பது அவன்தான். அதற்குள்தான் அன்றைய மாத்திரை, அன்றைய காப்பி, அன்றைய தாகம் எல்லாம். வெயில் காலத்தில் அவள் ஈரத்துணியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இன்னும் ஒரு வாய் என்று கெஞ்சிய நாட்களில் கப்பை ஒளித்துவைத்துத் திட்டு வாங்கியவனும் அவன்தான்.

"மெல்பா, யொர்தான்கா என்ன சொன்னான்னு கேட்டியா?"

"கேட்டேன். எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. கெட்டுப்போனது வேற."

"நாளைக்கு ஆர்செனியோ பெட்ரோல் தேடிக் கொண்டுவருவான். பக்கத்து மாகாணத்துக்குப் போயிடலாம்."

"கொண்டுவருவானா?"

அவன் பெட்ரோல் டாங்க் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தான்.

"ரிகோ," என்றாள். அவள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனையோ காலமாயிற்று. "தாகமா இருக்குடா எனக்கு. எத்தனை வருஷத்துத் தாகம் தெரியுமா? ஐஸ் போட்டு வாங்கு."

அவன் இறங்கிப் போனான். கடைக்காரன் கரும்பைச் செருகிக் கைப்பிடியைச் சுற்றினான். சாறு நுரைத்துக்கொண்டு பாத்திரத்தில் விழுந்தது.

"ஐஸ் இருக்கா?" என்றான் ரிகோ.

"மெழுகுவர்த்தி கேட்டாக்கூட இல்லேங்கிற காலத்துல ஐஸ் கேக்குறீங்களே அண்ணே." பிறகு பெட்டியில் உட்கார்ந்திருந்தவளை எட்டிப் பார்த்துவிட்டு, சாக்குக்கு அடியிலிருந்து ஒரு சின்னக் கட்டியை எடுத்து உடைத்துப் போட்டான். "அக்காவுக்குன்னு வச்சுக்குங்க."

இரண்டு கிளாஸ் கொண்டுவந்தான். மெல்பா தன் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முதல் வாயை வாய்க்குள்ளேயே வைத்திருந்து விழுங்கினாள். அப்புறம் நிறுத்தவில்லை. தொண்டை ஏறி இறங்க, நுரை மேலுதட்டில் ஒட்ட, கடைசிச் சொட்டுவரை குடித்தாள். ஐஸ் துண்டை வாயில் போட்டுக் கடித்தாள். அந்தச் சத்தம் ரிகோவுக்குக் கேட்டது.

"அம்மாடி," என்றாள். கண்ணில் நீர் தளும்பியது. "இனிப்பு எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு."

அவன் தன் கிளாஸில் ஒரு வாய்தான் குடித்திருந்தான். கீழே ரோடு பாலம்வரை வளைந்து இறங்குவது தெரிந்தது. அதற்கப்பால் ஆலையின் புகையில்லாத புகைபோக்கி, அதைச் சுற்றி ஊர்.

மெல்பா காலி கிளாஸை அவன் பக்கம் நீட்டினாள்.

ரிகோ ஒரு கையால் அவள் கிளாஸின் அடியைத் தாங்கிக்கொண்டு, தன் கிளாஸில் இருந்ததை அதில் ஊற்றினான். விளிம்புவரை ஊற்றினான்.